கெஃப் கோட்டையும் அல்ஜியர்ஸின் தாய்மாமன்களும்

உஸ்மானியர் காலத்து வட ஆப்பிரிக்காவைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்த முதல் நாளே ஒரு பட்டப்பெயர் என்னை இடறிவிட்டது. துனிஸை ஆண்டவர்களின் பட்டத்தை ஒலிப்புக்கேற்ப எழுதினால் ‘பேய்’ என்று வருகிறது. ‘துனிஸின் பேய் பெரும்படையுடன் புறப்பட்டார்’ என்று எழுதினால் வாசகர் எந்த மனநிலையில் மேலே படிப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இந்தப் பதிவு முழுவதும் ‘பெய்’ என்றே எழுதுகிறேன். அது மழையை நினைவூட்டினால் பாதகமில்லை. அண்டை நாடான அல்ஜியர்ஸின் தலைவருக்கு உரிய பட்டம் இதைவிடச் சுவையானது. துருக்கிய மொழியில் அது ‘தாயி’. நம் காதில் அது ஊர்ப் பெரியவர் ஒரு பெண்ணை அன்போடு விளிப்பதுபோல் விழுகிறது என்றாலும், துருக்கியில் அதன் பொருள் தாய்மாமன். சிப்பாய்கள் தங்களுள் மதிப்புக்குரிய ஒருவரை மாமா என்று அழைத்த வழக்கமே நாளடைவில் ஒரு நாட்டின் தலைமைப் பட்டமாக நிலைத்துவிட்டது.

துனிஸ் அரச குடும்பத்தில் பங்காளிச் சண்டை மூண்டபோதெல்லாம் அல்ஜியர்ஸின் தாய்மாமன் படையோடு வந்து நின்றார் என்பதுதான் நான் சொல்ல வந்த கதை. ஆனால் இவர் சீர் கொண்டுவரும் மாமன் அல்லர். சீரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகும் மாமன்.

இந்தக் கடற்கரையைப் பற்றிப் பேசும் நூல்கள் பெரும்பாலும் கடற்கொள்ளையரையும், அவர்களிடம் பிடிபட்ட ஐரோப்பியக் கைதிகளையும் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அல்ஜியர்ஸும் துனிஸும் தமக்குள் ஏறத்தாழ 200 ஆண்டுகள் மோதிக்கொண்டதை ஒரு பத்தியில், சில வேளை ஓர் அடைமொழியில் முடித்துவிடுகின்றன. ஐரோப்பியக் கப்பல் சம்பந்தப்படாத எதுவும் அந்தக் கரையில் நிகழவில்லை என்பதுபோன்ற அந்தப் பார்வை எனக்கு எப்போதும் எரிச்சலூட்டும். இதை எழுதத் தூண்டியதும் பாதிக்குமேல் அந்த எரிச்சல்தான்.

16-ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலின் மேற்குப் பாதிக்காக ஸ்பெயினும் உஸ்மானியப் பேரரசும் போட்டியிட்டதன் விளைவாக மூன்று துறைமுக நகரங்கள் இஸ்தான்புல் சுல்தானின் கீழ் வந்தன. சிவப்புத்தாடிச் சகோதரர்கள் (பார்பரோசா) என்று பேர்பெற்ற கடலோடிகளில் இளையவரான ஹைருத்தீன் 1519-ஐ ஒட்டி அல்ஜியர்ஸைச் சுல்தானின் ஆதரவில் சேர்த்தார். திரிப்போலி 1551-லும், பலமுறை கைமாறிய துனிஸ் இறுதியாக 1574-லும் உஸ்மானியர் வசமாயின. மூன்று நகரங்களிலும் வெள்ளிக்கிழமை உரையில் சுல்தானின் பெயர் சொல்லப்பட்டது. நாணயத்தில் அவர் பெயரே பொறிக்கப்பட்டது. புதிதாகப் பதவிக்கு வந்தவருக்கு இஸ்தான்புலிலிருந்து ஆணையோலையும் அங்கியும் வந்து சேர்ந்தன. இவை யாவும் உண்மை. வரியை யார் பிரிப்பது, யாரோடு போரிடுவது, யாரோடு உடன்படிக்கை செய்வது என்பதையெல்லாம் சுல்தானைக் கேட்காமல் அந்தந்த நகரமே முடிவு செய்ததும் உண்மை. ஆகவே 17, 18-ஆம் நூற்றாண்டுப் போர்களில் இரு தரப்பும் ஒரே சுல்தானின் பெயரால் தொழுதுவிட்டே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன.

ஆனால் இரு நாடுகளும் ஒரே வார்ப்பில் வந்தவை அல்ல. அல்ஜியர்ஸை ஆண்டது ஒரு படை. அனதோலியாவின் ஏழை ஊர்களில் ஆள் சேர்த்துக் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஜானிசரிச் சிப்பாய்கள் தங்களுக்குள்ளிருந்தே தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1671-க்குப் பிறகு அந்தத் தலைவருக்குத் தாயி என்று பெயர். அந்தச் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து பெற்ற பிள்ளைகளுக்குக் ‘குலோக்லு’ என்று பெயர்; அவர்கள் தலைமைப் பதவிகளை எட்டாதவாறு அல்ஜியர்ஸ் கவனமாகப் பார்த்துக்கொண்டது. தாயியின் மகன் தாயி ஆக முடியாது. சம்பளம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை தவறாமல் வர வேண்டும். வரவில்லையென்றால் தாயியின் கழுத்துக்குக் கயிறு வரும். படுக்கையில் நோயுற்று இறந்த தாயியைத் தேடிப்பிடிக்க வேண்டிய அளவுக்குப் பலர் கொலையுண்டே மாண்டனர்.

துனிஸிலும் தொடக்கத்தில் தாயிகள் இருந்தார்கள். ஆனால் உள்நாட்டுக் குடிகளிடம் வரி வசூலிக்கும் படைக்குத் தலைமை தாங்கிய பெய், மெல்ல மெல்ல அவர்களை விழுங்கிவிட்டார். 17-ஆம் நூற்றாண்டில் முராத் வமிசத்தவர் பெய் பதவியைத் தந்தைக்குப் பின் மகன் என்று குடும்பச் சொத்தாக்கிக்கொண்டார்கள். இதில்தான் இருதரப்புப் போர்களின் முடிச்சு இருப்பதாக நான் கருதுகிறேன். வாரிசு முறை இருக்கும் வீட்டில் தோற்ற வாரிசு ஒருவர் எப்போதும் இருப்பார். அவர் உயிர் தப்பி மேற்கே ஓடுவார். மேற்கேயோ சம்பளம் கொடுத்தே தீர வேண்டிய ஒரு படை, கிழக்கே போகக் காரணம் தேடிக் காத்திருந்தது. மதமோ மொழியோ இனமோ காரணமில்லாத இந்தப் போர்கள் இத்தனை முறை திரும்பத் திரும்ப நிகழ்ந்ததற்கு வேறு விளக்கம் எனக்குப் பிடிபடவில்லை.

போர்க்களமும் பெரும்பாலும் ஒன்றேதான். என் மேசையில் ஒரு பழைய வரைபடத்தை விரித்து வைத்து, படிக்கும் போர் ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவந்தேன். சில வாரங்களில் ஓர் ஊரின் பெயர் புள்ளிகளுக்கு அடியில் மறைந்து வாசிக்க முடியாமலாயிற்று. அந்த ஊர் கெஃப். அரபியில் ‘பாறை’ என்று பொருள். இன்றைய துனீசியாவின் வடமேற்கில், அல்ஜீரிய எல்லையிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 780 மீட்டர் உயரத்தில் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். உச்சியில் கோட்டை, நடுவில் வற்றாத ஊற்று. அல்ஜியர்ஸின் கிழக்கு மாகாணத் தலைநகரான கான்ஸ்டன்டைனிலிருந்து துனிஸுக்கு வரும் படை கோதுமை விளையும் மஜர்தா பள்ளத்தாக்கில் இறங்க வேண்டுமானால் கெஃப்பைப் பிடிக்க வேண்டும், அல்லது முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போகும் துணிச்சல் வேண்டும். அதற்குத் தென்மேற்கே சர்ராத் என்றொரு சிற்றாறு ஓடுகிறது. 1628-இல் கெஃப் அருகே துனிஸ் படை தோற்ற பிறகு ஏற்பட்ட உடன்படிக்கை அந்த ஆற்றை எல்லையாக்கியது. கோடையில் காலணி நனையாமல் கடந்துவிடக்கூடிய ஓர் ஆற்றுக்காக இரு நாடுகள் சண்டையிட்டன என்று நினைத்தால் வியப்பாக இருக்கலாம்; அவர்கள் சண்டையிட்டது ஆற்றுக்காக அல்ல, ஆற்றின் இரு கரையிலும் வரி கட்டாமல் தப்பி அலைந்த குடிகளுக்காக.

1694-இல் அல்ஜியர்ஸின் தாயி ஷாபான், திரிப்போலியையும் சேர்த்துக்கொண்டு துனிஸ் நகரையே பிடித்து, தமக்கு வேண்டியவர் ஒருவரை அரியணையில் அமர்த்திவிட்டுத் திரும்பினார். அந்த ஆள் ஓர் ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1700-இல் முறை மாறியது. கொலைவெறியால் பேர்போன இளம் பெய் மூன்றாம் முராத், கான்ஸ்டன்டைன் மீது படையெடுத்துப் போய், செத்தீஃப் அருகே நொறுங்கித் திரும்பினார். அவரோடு சேர்ந்து மேற்கிலிருந்து தாக்கத் திட்டமிட்டிருந்த மொராக்கோவின் மூலாய் இஸ்மாயிலும் அடுத்த ஆண்டு ஷெலிஃப் ஆற்றங்கரையில் அல்ஜியர்ஸிடம் தோற்றார். தோல்வியின் ஆத்திரத்தை முராத் சொந்தக் குடிகள்மீது காட்டினார். மசூதிகளையும் ஞானியரின் அடக்கத்தலங்களையும் விட்டுவிட்டுக் கைரவான் நகரையே இடித்துத் தள்ளினார். இந்தக் கைரவானை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1702-இல் மீண்டும் அல்ஜியர்ஸை நோக்கிப் புறப்பட்ட முராதை அவருடைய குதிரைப்படைத் தலைவர் இப்ராஹீம் ஷரீஃப் வழியிலேயே கொன்று, வமிசத்தில் எஞ்சியவர்களையும் தீர்த்துக்கட்டினார். ஆனால் வமிசத்தை அழித்தவரையும் மேற்கத்திப் படை விட்டுவைக்கவில்லை. 1705 ஜூலை 8-ஆம் நாள் கெஃப் அருகே இப்ராஹீம் தோற்று, அல்ஜியர்ஸ் தாயி ஹாஜ் முஸ்தஃபாவிடம் கைதியானார். துனிஸுக்கு இப்போது மன்னரும் இல்லை. மன்னராகத் தகுந்த குடும்பமும் இல்லை. வெளியே கொள்ளைநோய் வேறு.

அந்த வாரத்தில் நகரத்தார் கைகாட்டியவர் ஹுசைன் பின் அலி. தந்தை கிரீட் தீவிலிருந்து வந்து சிப்பாயாகச் சேர்ந்தவர்; தாய் கெஃப் பகுதிக் குடியைச் சேர்ந்தவர். அதாவது அல்ஜியர்ஸ் ஒருபோதும் தலைமைக்கு அனுமதித்திராத குலோக்லு. ஊரின் மொழி, குடிகளின் உறவுமுறை, யாருக்கு யாரோடு பகை என்பதெல்லாம் அவருக்கு வீட்டுச் செய்தி. தாயிக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிட அவர் முதலில் முயன்றார், தாயி மசியவில்லை. ஹுசைன் நகரின் கதவுகளை அடைத்துக்கொண்டு காத்திருந்தார். கோடை முடிந்தது, மழைக்காலம் நெருங்கியது, குடிகளின் குதிரைவீரர்கள் உணவுவண்டிகளை அரித்தெடுத்தார்கள். அக்டோபரில் அல்ஜியர்ஸ் படை கூடாரத்தைப் பிரித்தது. வெறுங்கையோடு திரும்பிய தாயிக்குச் சொந்த நகரில் இடமில்லை; பதவியையும் உயிரையும் அடுத்தடுத்து இழந்தார். ஹுசைன் தொடங்கிவைத்த வமிசம் 1957 வரை துனிஸில் நீடித்தது.

ஹுசைனின் ஆட்சியில் துனிஸ் தழைத்தது. முராத் இடித்த கைரவானின் மதில்களை அவர் மீண்டும் கட்டினார். ஆண்டுக்கு இருமுறை ‘மஹல்லா’ என்ற வரிப்படை புறப்படும். குளிர்காலத்தில் தெற்கே ஜரீதின் பேரீச்சந்தோப்புகளுக்கு, கோடையில் வடமேற்கே பாஜாவின் கோதுமை வயல்களுக்கு. கூடாரங்கள், ஒட்டகங்கள், நீதிபதி, கணக்கர், அடுமனை எல்லாம் சேர்ந்த நகரும் அரசாங்கம் அது. பெய் ஒரு குடியின் எல்லைக்கு வந்துவிட்டார் என்பதை அங்குள்ளவர்கள் அறிந்ததே கூடாரத்தின் உச்சியைக் கண்டுதான். அந்த மஹல்லாவுக்குத் தலைமை தாங்குபவரே அடுத்த பெய் என்பது எழுதப்படாத சட்டம்.

ஹுசைனுக்கு நெடுநாள் ஆண்பிள்ளை இல்லை. உடன்பிறந்தாரின் மகனான அலியை வாரிசாக வளர்த்து, மஹல்லாவின் தலைமையையும் அவரிடமே ஒப்படைத்தார். அலி கூடாரத்தில் வளர்ந்தார். குடித்தலைவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கப் பழகினார். இதற்கிடையே கடலில் பிடிபட்டுக் கொண்டுவரப்பட்ட ஜெனோவாப் பெண் ஒருத்தி ஹுசைனின் மனைவியானாள். 1710-இல் முகமது பிறந்தான், அடுத்து அலி என்று இன்னொரு மகன், பிறகும் ஒருவன். பிள்ளைகள் வளரும்வரை எதுவும் வெளிப்படையாகப் பேசப்படவில்லை. அவர்கள் வளர்ந்ததும் மஹல்லாவின் தலைமை சொந்த மகனுக்குப் போயிற்று. வளர்த்த மகனுக்குச் சுல்தானிடமிருந்து ‘பாஷா’ பட்டம் வாங்கித் தரப்பட்டது. ஒலிக்கும் பட்டம், உள்ளீடற்ற பதவி. நம் ஊர்ப் பாகப்பிரிவினைகளில் வயலை ஒருவனுக்கு எழுதிவைத்துவிட்டு, இன்னொருவனுக்குக் கோயிலில் முதல் மரியாதையைக் கொடுத்துச் சமாதானம் செய்வார்களே, அதுபோலத்தான்.

1728-இல் அலி பாஷா ஒருநாள் துனிஸைவிட்டு நழுவி, கைரவானுக்கு மேற்கேயுள்ள உஸ்லாத் மலையில் ஏறிக்கொண்டார். மஹல்லாவில் சம்பாதித்த உறவுகள் இப்போது கைகொடுத்தன. நாடே இரண்டாகப் பிளந்தது: ஹுசைனின் பக்கம் நின்றவர்கள் ஹுசைனியர், அலி பாஷாவின் பக்கம் நின்றவர்கள் பாஷியர். மேய்ச்சல் நிலத்துக்காக ஏற்கெனவே பகைத்திருந்த குடிகள் ஆளுக்கொரு கொடியைப் பிடித்துக்கொண்டன. பெய்கள் மாறிய பிறகும் நூற்றாண்டுக்கும் மேலாக அந்தப் பிளவு தொடர்ந்தது. ஹுசைன் மலையை வளைத்து அலி பாஷாவைத் துரத்தினார். அலி பாஷா தென்பக்கமாகச் சுற்றி, தோற்ற வாரிசுகள் எல்லோரும் போகும் இடத்துக்கே போய்ச் சேர்ந்தார்: அல்ஜியர்ஸ்.

அல்ஜியர்ஸ் அவரை மாமன் வீட்டுக்கு வந்த மருமகனாகவே வரவேற்று, வெளியே விடாமல் வைத்துக்கொண்டது. அவரை விடாமல் வைத்திருக்க ஹுசைன் பணம் அனுப்பினார். விட்டால் அதைவிட அதிகம் தருவதாக அலி பாஷா வாக்களித்தார். இரு பக்கமும் கொடுக்கக் காத்திருந்த இந்தச் சரக்கை ஆண்டுக்கணக்கில் கைவசம் வைத்திருந்த நிதானத்தை என்னவென்று சொல்வது! 1732-இல் புதிதாகத் தலைமைக்கு வந்த தாயி இப்ராஹீம், பேரம் கனிந்துவிட்டது என்று கண்டார். 1735 கோடையில் அலி பாஷாவை முன்னே விட்டு, அல்ஜியர்ஸுக்குக் கீழ்ப்பட்ட மாகாண ஆளுநரான கான்ஸ்டன்டைன் பெய்யின் படையையும் சேர்த்துக்கொண்டு ஜானிசரிகள் கிழக்கே நடந்தனர்.

செப்டம்பர் 4-ஆம் நாள் துனிஸுக்குத் தெற்கே ஸ்மிஞ்சாவில் இரு படைகளும் சந்தித்தன. ஹுசைன் காயமுற்றார், படை கலைந்தது. தலைநகருக்குத் திரும்பினால் பிடிபடுவோம் என்று தெரிந்த அந்த அறுபது வயதுக்காரர் குதிரையைக் கைரவானை நோக்கித் திருப்பினார். தான் இடிபாடுகளிலிருந்து எழுப்பிய ஊர் தன்னைக் கைவிடாது என்ற அவர் நம்பிக்கை பொய்க்கவில்லை. துனிஸில் அலி பாஷா அரியணை ஏறினார்; பேசிய பணம் கைமாறியது; அல்ஜியர்ஸ் படை வீடு திரும்பியது. கைரவான் மட்டும் கதவைத் திறக்கவில்லை.

ஐந்து ஆண்டுகள். அலி பாஷாவின் மகன் யூனுஸ் வந்து மதிலுக்கு வெளியே கூடாரமடிப்பார், மஹல்லாவுக்கான காலம் வந்ததும் போவார், மறுபடி வருவார். சுற்றிலும் மொட்டைச் சமவெளி. நீருக்கு மழையையும் தொட்டிகளையும் நம்பிய ஊர். முற்றுகையிடும் உழிஞையும் மதில் காக்கும் நொச்சியும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிய அந்த ஐந்தாண்டுகளைப் பற்றிப் படிக்கும்போது எனக்குப் பெய்களைவிட அந்த ஊராரின் நினைவே அதிகம் வருகிறது. நாற்பது ஆண்டுகளுக்குள் இரண்டாவது முறையாக அவர்கள் ஒரு குடும்பச் சண்டைக்கு ஈடு கட்டினார்கள். 1740 மே மாதம் நகரம் வீழ்ந்தது. வெளியேறிய ஹுசைனைத் துரத்திப் பிடித்து யூனுஸே தலையை வெட்டினார். கைரவானின் மதில்கள் மறுபடியும் இடிக்கப்பட்டன.

ஹுசைனின் மகன்கள் எங்கே போனார்கள் என்பதை இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். மேற்கே.

அலி பாஷாவைக் கொடுங்கோலர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. துனிஸின் பழைய நகரில் ஸைத்தூனா பள்ளிவாசலைச் சுற்றி அவர் எழுப்பிய கல்விக்கூடங்கள் இன்றும் நிற்கின்றன; அவற்றில் ஒன்றான சுலைமானிய்யா, சொந்தச் சகோதரனால் நஞ்சூட்டப்பட்டதாகக் கருதப்பட்ட தம் மகன் சுலைமானின் நினைவாகக் கட்டப்பட்டது. ஒருவனை இன்னொருவன் கொன்றான். எஞ்சிய யூனுஸ் 1752-இல் தந்தைக்கு எதிராகவே கோட்டையைப் பிடித்து, தோற்று, அவரும் மேற்கே ஓடினார். பெரிய வீட்டைப் பிடித்தவருக்கு அந்த வீட்டின் நோயும் சேர்ந்தே கிடைத்தது.

1746-இல் ஹுசைனின் மகன்களை முன்னிட்டு வந்த ஒரு படையெடுப்பைக் கெஃப் தடுத்து நிறுத்தியது. 1756-இல் தடுக்க முடியவில்லை. கான்ஸ்டன்டைன் பெய்யின் தலைமையில் வந்த படை ஆகஸ்ட் 31-இல் துனிஸுக்குள் நுழைந்தது, நகரம் சூறையாடப்பட்டது, செப்டம்பரில் அலி பாஷா கொல்லப்பட்டார். அவரை 21 ஆண்டுகளுக்கு முன் அரியணையில் ஏற்றிய அதே அல்ஜியர்ஸ்தான் இப்போது இறக்கியதும். ஹுசைனின் மூத்த மகன் முகமது ரஷீது பெய்யானார். இவர் யாழ்போன்ற ‘ஊத்’ என்னும் நரம்புக் கருவியையும் வயலினையும் மீட்டத் தெரிந்த இசைவாணர். துனீசியாவின் செவ்வியல் இசையான மாலூஃபின் வரலாற்றில் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. பதினாறு ஆண்டுகள் அயல்நாட்டில் அடைக்கலம் புகுந்திருந்தவர், மூன்றே ஆண்டுகள் ஆண்டுவிட்டு 1759-இல் இறந்துபோனார்.

அந்தச் சூறையாடலின் ஓர் இழை என்னை விடாமல் பிடித்திழுக்கிறது. துனிஸின் வடகரையில் தபர்கா என்றொரு சிறு தீவு. பவளம் எடுப்பதற்காக ஜெனோவாக்காரர்கள் அங்கே ஏறத்தாழ 200 ஆண்டுகளாகக் குடியிருந்தார்கள். 1741-இல் யூனுஸ் அந்தத் தீவைப் பிடித்து, குடும்பம் குடும்பமாக அவர்களைத் துனிஸுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்தார். 1756-இல் வென்ற படை, கொள்ளைப் பொருளோடு அவர்களில் ஒரு பகுதியினரை அல்ஜியர்ஸுக்கு நடத்திச் சென்றது. 1768-இல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் மீட்புப்பணம் கொடுத்து அவர்களை விடுவித்து, அலிகாந்தே அருகே ஆளில்லாத் தட்டைத் தீவொன்றில் மதில் கட்டிக் குடியமர்த்தினார். அந்தத் தீவுக்கு இன்றும் புதிய தபர்கா என்றே பெயர். அங்குள்ளோரின் குடும்பப் பெயர்களில் இத்தாலிய வாடை இன்னும் போகவில்லை. துனிஸின் பங்காளிச் சண்டை ஸ்பெயின் கரையில் ஒரு ஊரை உண்டாக்கியது என்பதை விடுமுறைக்கு அங்கே நீந்தப் போகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

1756-க்குப் பின் துனிஸ் ஆண்டுதோறும் அல்ஜியர்ஸுக்குத் திறை செலுத்தியது. திறையின் முக்கியமான பகுதி ஆலிவ் எண்ணெய். அது அல்ஜியர்ஸ் மசூதிகளின் விளக்குகளுக்கு என்று பெயர். இந்தச் சொல்லாடலின் நுட்பத்தைக் கவனியுங்கள். அடிமைப்பட்டவன் கட்டும் கப்பம் என்று சொன்னால் துனிஸுக்கு அவமானம்; இறையில்லத்துக்கு விளக்கெரிக்கும் எண்ணெய் என்றால் அது புண்ணியம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் எண்ணெய்க் குடங்களைக் கப்பலில் ஏற்றிய கூலியாளுக்குக்கூட அது என்ன எண்ணெய் என்று தெரிந்திருக்கும்.

ஒரு கேள்வி எழுவது இயல்பு. 1694, 1735, 1756 என்று மூன்று முறை தலைநகரம்வரை வந்து வென்ற அல்ஜியர்ஸ், துனிஸை ஏன் தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை? அல்ஜியர்ஸின் ஜானிசரிகள் சில ஆயிரம் பேர். அவர்களைக் கொண்டுதான் மொராக்கோ எல்லையிலிருந்து கான்ஸ்டன்டைன் வரையிலான நிலத்தை அடக்கி வைக்க வேண்டும். அல்ஜியர்ஸிலிருந்து கான்ஸ்டன்டைன் போகும் வழியில் பீபான் என்னும் ‘இரும்புக் கதவு’ கணவாய் இருக்கிறது. செங்குத்தான பாறைகளுக்கு இடையே ஓரிரு ஆட்களே ஒட்டி நடக்கக்கூடிய அந்த இடுக்கில், நாட்டையே ஆள்வதாகச் சொல்லிக்கொண்ட படை மலைவாழ் குடிகளுக்குச் சுங்கம் கொடுத்துத்தான் நடந்தது. சொந்த நாட்டுக்குள்ளேயே வழிச்சுங்கம் கட்டும் படை, அயல்நாட்டுத் தலைநகரத்தில் குளிர்காலம் முழுவதும் எப்படித் தங்கும்? தவிர, தாயி நெடுநாள் தலைநகரில் இல்லாவிட்டால், திரும்பும்போது அவர் இருக்கையில் இன்னொரு மாமா அமர்ந்திருப்பார். அவர்களுக்கு வேண்டியது நிலமன்று, தவறாத வரவு. கடன்பட்ட பெய் ஒருவர் துனிஸில் உயிரோடு இருப்பது, துனிஸைப் பிடித்து வைத்திருப்பதைவிட இலாபம்.

எண்ணெய்த் திறையை நிறுத்தியவர் ஹம்மூதா பாஷா. ஹுசைனின் பேரன், 1782-இல் இருபதுகளின் தொடக்கத்தில் பதவிக்கு வந்தவர். ஆர்ப்பாட்டமில்லாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். பீரங்கி வார்க்கும் பட்டறை, டச்சுப் பொறியாளரைக் கொண்டு சீரமைத்த ஹல்குல்வாதித் துறைமுகம், மலைவாழ் ஸுவாவாக்களிலிருந்து திரட்டிய காலாட்படை, பலப்படுத்திய கெஃப் என்று ஒவ்வொன்றாகச் செய்தார். அல்ஜியர்ஸோ தளர்ந்துகொண்டிருந்தது. 1804-ஐ ஒட்டிப் பஞ்சம், தர்காவா என்ற சூஃபி இயக்கத்தாரின் கலகம், 1805-இல் தாயி முஸ்தஃபாவின் கொலை. பதவியிழந்த கான்ஸ்டன்டைன் பெய் ஒருவர், ‘இங்கிலீஸ்’ என்ற பட்டப்பெயர் கொண்டவர், துனிஸில் அடைக்கலம் புகுந்திருந்தார். தோற்றவர் இப்போது கிழக்கே ஓடிவந்திருக்கிறார் என்பதைக் கண்டபோதே காற்று திசைமாறிவிட்டதை ஹம்மூதா உணர்ந்திருக்க வேண்டும்.

1807-இன் தொடக்கத்தில் துனிஸ் படை எல்லையைக் கடந்து கான்ஸ்டன்டைனை முற்றுகையிட்டது. ரூமல் ஆற்றின் பள்ளம் மூன்று பக்கமும் அரணாகச் சூழ, பாறைமேல் உட்கார்ந்திருக்கும் அந்த நகரத்தை வெளியிலிருந்து பார்த்தாலே முற்றுகையிடுபவனுக்கு மனம் தளரும். மாதங்கள் கடந்தன, அல்ஜியர்ஸிலிருந்து மீட்புப்படை வந்தது, துனிஸ் படை பீரங்கிகளைப் போட்டுவிட்டு ஓடியது. பழைய கதையே மறுபடியும் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். வென்ற படை வழக்கம்போல் கிழக்கே இறங்கியது. ஆனால் ஹம்மூதா இரண்டாவது படையொன்றை ஆயத்தமாக வைத்திருந்தார். மால்டோவாவிலிருந்து அடிமையாக வந்து, அரச முத்திரையைக் காக்கும் அமைச்சராக உயர்ந்த யூசுஃப் அதற்குத் தலைமை தாங்கினார். ஜூலை 14-ஆம் நாள், 1628-இல் துனிஸ் எல்லையாக ஏற்க நேர்ந்த அதே சர்ராத் ஆற்றின் கரையில் அல்ஜியர்ஸ் படை தோற்றது. அந்தத் தோல்விக்குப் பொறுப்பான தாயி அஹ்மது, அடுத்த ஆண்டே சொந்தச் சிப்பாய்களால் கொல்லப்பட்டார்.

பிறகு நடந்தவை வாலாட்டங்கள்தான். 1811-இல் சூஸாவுக்கு அருகே அல்ஜியர்ஸின் புகழ்பெற்ற மாலுமி ரயீஸ் ஹமீது துனிஸின் போர்க்கப்பல் ஒன்றைப் பிடித்தார். அதே ஆண்டு துனிஸின் ஜானிசரிகள் ஹம்மூதாவுக்கு எதிராகக் கிளர்ந்து நசுக்கப்பட்டனர். 1813-இல் மறுபடியும் அல்ஜியர்ஸ் படை வந்து கெஃப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. இறுதியாக 1821-இல் சுல்தானின் தூதர் நடுவராக நின்று இரு தரப்பையும் சமாதானம் செய்துவைத்தார். எண்ணெய்க் குடங்கள் திரும்பவில்லை.

ஒன்பது ஆண்டுகளில் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸில் இறங்கி, கடைசித் தாயியைக் கப்பலேற்றி அனுப்பியது. துனிஸ் கண்ணீர் வடிக்கவில்லை. மாறாக, பிரெஞ்சுத் தளபதி குளோஸேல், திறை கட்டினால் கான்ஸ்டன்டைனையும் மேற்கேயுள்ள ஓரானையும் துனிஸ் இளவரசர்களுக்கே தருவதாக ஒப்பந்தம் நீட்டினார், துனிஸ் கையெழுத்திட்டது. இரு நூற்றாண்டுகளாக வாளால் எட்டாதது ஒரு தாளில் வந்துவிட்டதாக அவர்கள் நம்பினார்கள். 1831-இல் துனிஸ் சிப்பாய்கள் சிலர் உண்மையிலேயே ஓரானுக்குப் போய்ச் சில மாதங்கள் காவலிருந்தார்கள். பாரிஸ் அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. அவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

என் வரைபடத்தில் கெஃப் மீது கடைசியாக வைத்த புள்ளி 1881 ஏப்ரல் 26. அன்றும் படை அல்ஜீரியாவிலிருந்துதான் வந்தது; சீருடை மட்டும் பிரெஞ்சுக்காரர்களுடையது. கோட்டையின் ஆளுநர் கதவைத் திறந்துவிட்டார். பீரங்கி எதுவும் வெடிக்கவில்லை.